தோளில் இரண்டு நட்சத்திரம்

பிரான்சில் முதல் உலகப் போர் மூன்றாம் ஆண்டைத் தாண்டியிருந்தது. கனடியப் படையின் மருத்துவமனைக் கூடாரத்தில், விடிந்ததிலிருந்து உட்காராத நர்ஸ் ஹல்டா மக்வே நீட்டிய மருந்துக் கரண்டியைத் தட்டிவிட்டான் லெப்டினன்ட் பாசெட்.

"நான் ஆபீசர். எனக்கே நீ உத்தரவு போடறியா?"

ஹல்டா முக்காட்டை ஒதுக்கித் தோளைக் காட்டினாள். கட்டில்மேல் தொங்கிய அவன் கோட்டில் இருந்த அதே இரண்டு நட்சத்திரங்கள்.

"நானும் லெப்டினன்ட்தான். உனக்கு இதை எப்பக் குடுத்தாங்க?"

"போன மாசம்."

"எனக்கு ரெண்டு வருஷமாச்சு. சீனியர் சொல்றேன், வாயைத் திற."

விழுங்கிவிட்டு முகம் சுளித்தான். "அப்போ மூணாவது நட்சத்திரம் எப்ப?"

"எங்களை மாதிரி நர்ஸுக்கு ரெண்டோட சரி. மூணாவது உனக்குத்தான் வரும். அதை வாங்க நீ உயிரோட இருக்கணும்ல? இன்னொரு கரண்டி குடி."