புழுப் படம் ஓடின வாரம்

தறி பார்க்கிற வேலை என்றால் புடவையைப் பார்ப்பது கால் பங்கு, நெய்கிறவர் நேற்றுப் பார்த்த சினிமாவைக் கேட்பது முக்கால் பங்கு. எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் ஒரு பட்டு முதலாளியிடம் நான் அந்த வேலையில் இருந்தேன். நெசவாளர்களுக்குப் பாவு நூலும் பட்டும் கொடுத்துவிட்டு, புடவை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். இதே வேலை பார்த்தவர்களே, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். "எப்பங்க முடியும்?" என்று கேட்டால், "இடைவேளைக்கு அப்பறம் படம் இழுக்குதுப்பா" என்று பதில் வரும்.

நைலான்

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு எங்கள் ஊரில் இங்கிலீஷ் படம் போடுவார்கள். ராட்சசப் பல்லி, ஆகாசத்தில் பறக்கிற தட்டு, தலை பெருத்த மனுஷன், எல்லாம் வரும். பேசுவது ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் தெருவே கிளம்பிப் போகும். திங்கட்கிழமை தறிக்குத் தறி விமர்சனம்.

சுப்பராயன் என்று ஒரு பெரியவர். கிரகம் விட்டுக் கிரகம் போகிற படத்தைப் பார்த்துவிட்டு வந்து என்னை உட்கார வைத்து முழுக்கதையும் சொன்னார். எனக்கோ இன்னும் எட்டு வீடு போக வேண்டும். எழுந்த என் கையைப் பிடித்து இழுத்து முடித்தார்: "கதை பரவால்ல தம்பி. ஆனா அவ்ளோ படிச்சவனுங்க, அவ்ளோ தூரம் போறானுங்க, ஒடம்புல போட்டுகினு இருக்கறது சுத்த நைலான்."

கூட்டுக்குள்

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த தெருவுக்குள்தான் புழுப் படம் வந்தது. அந்த வாரமாகப் பார்த்தா வர வேண்டும்! செய்யாறில் ஒரு ரைஸ் மில்காரர் வீட்டில் வெள்ளிக்கிழமை முகூர்த்தம். மணப்பெண் புடவை ஏழுமலையின் தறியில், முந்தானை மட்டும் பாக்கி. "தவறிச்சுன்னா இனிமே அவன் வீட்டுக்குப் பாவு கெடையாது" என்று முதலாளி சொல்லிவிட்டார். பாவு இல்லையென்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. ஏழுமலையின் பெண்டாட்டி சரோஜா வேறு வாயும் வயிறுமாக இருந்தாள்.

படத்தில் ஒரு விஞ்ஞானி புழுவுக்கு ஏதோ மருந்து ஊற்றுகிறான். அது பஸ் அளவுக்கு வளர்ந்து ஊருக்குள் வருகிறது. கத்தவில்லை, கடிக்கவில்லை. வாயிலிருந்து நூல் விட்டு, அகப்பட்டவர்களை ஒவ்வொருவராகச் சுற்றிக் கூடாக்கித் தொங்கவிடுகிறது. எதற்கெடுத்தாலும் விசில் அடிக்கிற எங்கள் ஆட்கள் வாயே திறக்கவில்லை. அந்த நூலின் பளபளப்பு எங்கள் எல்லோருக்கும் பழக்கமான பளபளப்பு.

எங்களுக்குப் பட்டு பெங்களூர்ப் பக்கத்திலிருந்து சிட்டம் சிட்டமாக, நூல் கட்டுகளாக வரும். புழு கக்குவது என்று கேள்விப்பட்டதோடு சரி. கூட்டைக் கண்ணால் பார்த்தவர் சாயப்பட்டறை முனுசாமி ஒருவர்தான். படம் விட்டதும் டீக்கடையில் அவரைச் சூழ்ந்துகொண்டோம். ஏழுமலையோடு படத்துக்கு வந்திருந்த சரோஜா ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "கூட்டுக்குள்ள இருக்கற புழு இன்னா ஆவும்?" என்றான் ஏழுமலை. முனுசாமி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "உயிரோட வெந்நீல போட்டுடுவாங்க. அது கூட்டை ஓட்ட போட்டுகினு வெளிய வந்துட்டா நூல் அறுந்துடும் பாரு."

பூவரச இலை

மறுநாள் சுப்பராயன் வீட்டுக்குப் போனால் தறி நின்றிருந்தது. பட்டுச் சிட்டத்துக்கு முன்னால் ஒரு தட்டு, தட்டில் பூவரச இலைகள்.

"முசுக்கொட்டை இலைதான் அந்தப் புழுவுக்குத் தீனியாம். நம்மூர்ல எங்க கெடைக்குது? அதான் இத வெச்சேன். காத்தால பாத்தா இப்படி" என்று ஒரு இலையை எடுத்துக் காட்டினார். ஓரத்திலிருந்து வளைவு வளைவாக, கத்தரித்த மாதிரி சுத்தமாகக் கடிபட்டிருந்தது. "எலி வேலை பெரியவரே" என்று சத்தமாகத்தான் சொன்னேன். ஆனால் தட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அவர் சிட்டத்தைப் பார்த்தபடியே கேட்டார்: "பூவரச இலை தின்ற எலிய நீ பாத்துருக்கியா தம்பி?"

சரோஜாவின் விமர்சனம்

அங்கிருந்து ஏழுமலை வீடு. அவன் தறிக்குழியில் சும்மா உட்கார்ந்திருந்தான். அந்த மாதிரிப் புடவை ஒற்றை ஆளால் ஆகாது. ஒரு பக்கக் கரைக்கு அவன் ஊடை நூல் நாடாவைப் போட, மறுபக்கக் கரைக்கு நாடா கொடுக்கிறவள் சரோஜா. "இவ பட்டைத் தொட மாட்டேங்கறாண்ணா. பேஜாரா கீது" என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! "அது ரப்பர் புழும்மா! உள்ள காத்தடிச்சு உருட்டறான். அதுக்குப் பயந்துகினு சோத்துல மண்ணப் போட்டுக்கறியே!" என்று உள்பக்கம் பார்த்துக் கத்தினேன். அவள் அடுப்பங்கரையிலிருந்து வந்து நின்றாள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது. "ரப்பர்னு எனக்குத் தெரியாதாண்ணா? எல்லாரும் அந்தப் புழு கெட்டதுன்னு சொல்றீங்க. அது யாரையும் கொல்ல வரல. வேகவெச்ச புள்ளைங்கள தேடிகினு வந்துது."

வெள்ளிக்கிழமை முகூர்த்தம்

மீதி வீடுகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன். செவ்வாயும் தறி ஓடவில்லை. வேறு ஆள் வைக்கலாமென்றால், அந்தத் தறிப்பக்கம் வரத் தெருவில் ஒருவரும் தயாரில்லை. முதலாளி கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தேன்.

புதன்கிழமை காலையில் ஏழுமலை வீட்டிலிருந்து தறிச் சத்தம் கேட்டது. ஓடினேன். சரோஜா பக்கத்தில் உட்கார்ந்து நாடா கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இழைக்கும் அவள் உதடு அசைந்தது. ஏழுமலை அவள் பக்கம் திரும்பவே இல்லை. "யார்கிட்டம்மா பேசறே?" என்றேன். "என் புள்ளைக்குச் சோறு வேணும், மன்னிச்சுக்கன்னு சொல்லிகினு இருக்கேன்."

வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குப் புடவையைத் தறியிலிருந்து அறுத்தார்கள். அரக்கு உடல், பச்சைக் கரை. குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்தான் செய்யாறுக்குக் கொண்டுபோக வேண்டும். சரோஜா மடித்து என் கையில் வைத்தாள், ஆனால் பிடியை விடவில்லை. "கல்யாணத்துக்கு இருந்துட்டுத்தான வருவீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். ஏழுமலைக்குக் கேட்காமல் கிட்ட வந்து சொன்னாள்: "பொண்ணு நடக்கும்போது அந்தப் புள்ளைங்க சத்தம் வரும்ணா. புதுப் பட்டு சரசரக்குதுன்னு எல்லாரும் நெனச்சுப்பாங்க. நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க. பாவம், சின்னப் பொண்ணு, பயந்துடும்."

ஏழுமலை வீட்டுக்கு அடுத்த பாவு தடையில்லாமல் போனது, சரோஜாவுக்குச் சுகப்பிரசவம் ஆனது, நானும் அதற்கப்புறம் எத்தனையோ ராட்சசப் படங்களைக் கடலை கொறித்துக்கொண்டே பார்த்துவிட்டேன். எந்தக் கல்யாண வீட்டிலும் பட்டு சரசரக்கப் பெண்ணை மணைக்கு அழைத்து வருகிற நேரத்தில் மட்டும் எனக்குப் பந்திப் பக்கம் ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.