கூரை வரைக்கும் ஒரு சுவர்

அம்மா எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் நின்றபடி, "மைனி, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று உரக்கக் கேட்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது எங்கள் மாட்டுக்கொட்டகை. ஒரு நாள் என் கணவர், "அத்தை, அங்க மாடுதானுங்க கட்டியிருக்குது. அதுக்கு இன்னைக்கும் பருத்திக்கொட்டைதானுங்க," என்றார். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே போனாள். வியர்வை என்று நினைத்துக்கொண்டேன். வேலந்தாவளத்து வெயிலில் அப்படி நினைத்துக்கொள்வது எனக்கும் வசதியாக இருந்தது.

நாங்கள் மலைக்காரர்கள். பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். லயம் என்றால் ஒரே தகரக் கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி நிற்கும் ஒற்றை அறை வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே கருங்கல் சுவர் உண்டு. ஆனால் அது கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும், அதற்கு மேல் வெறும் காற்று. பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனை, பிள்ளைகளின் இருமல், மாமியார் மருமகள் சண்டை எல்லாம் அந்த வழியாகத்தான் வந்து போகும். நாங்கள் புராட்டஸ்டண்ட், பக்கத்து வீடு கத்தோலிக்கம். ஆனாலும் அம்மாவுக்கு ஜெபமாலை முழுக்க மனப்பாடம். பாஸ்டருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் கேலி செய்வேன்.

அந்தப் பக்கத்து வீட்டு அத்தைதான் அம்மாவின் மைனி. அத்தையும் அம்மாவை மைனி என்றே கூப்பிடுவாள். எந்த வழியில் அந்த மதினி உறவு என்று யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் இருவருக்கும் பதில் தெரிந்திருக்காது. ஒரே நாளில் கொழுந்து பறிக்கப் பெயர் பதிந்தவர்கள். ஒரே மலையில் கூடை சுமந்தவர்கள்.

லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பக்கத்து வீட்டில் குரல் உயர்ந்தால், பானை மூடியை எடுத்து மெல்லத் தட்டுவோம். எங்களுக்குக் கேட்கிறது என்று அர்த்தம். சண்டை சட்டென்று கிசுகிசுப்பாகிவிடும். மறுநாள் குழாயடியில் எல்லோரும் எதையும் கேட்காத முகத்தோடு நிற்பார்கள். அந்த நாகரிகம் தெரியாதவர்கள் லயத்தில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார்கள்.

அத்தையின் மூத்த மகன் சிறுவயதிலேயே காய்ச்சலில் இறந்துபோனான். அதற்குப் பிறகு அத்தை காலையில் அடுப்புப் பற்றவைக்கும்போதெல்லாம் அழுவாள். அம்மா இந்தப் பக்கம் நின்று மூடியைத் தட்டுவாள். "நான் இருக்கேன்னு அவளுக்குத் தெரியணும்லா," என்பாள். தட்டியதும் அழுகை நின்றுவிடும். அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு பெற்றால், பிள்ளைகளில் யாராவது அங்கே வேலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு மலையிறங்க வேண்டியதுதான். மாட்டுத்தீவனக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு நான் சமவெளியில் வேலந்தாவளத்துக்கு வந்துவிட்டேன். அம்மாவும் என்னோடு வந்தாள். அத்தை, ஜீப் ஓட்டும் இளைய மகனோடு அடிவாரத்தில் ஒரு வாடகை அறைக்குப் போனாள். எங்கள் லயத்தையும் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை. தகரம் துருப்பிடித்து விழுந்தது, அறைகளுக்குள் பெரணிச் செடி முளைத்தது. சுற்றுலா வந்தவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பாழடைந்த வீடு மற்றவர்களுக்கு எப்போதும் அழகுதான்.

அம்மா வெயிலைக் குறை சொன்னதில்லை. மாப்பிள்ளை வீட்டுச் சோற்றையும் குறை சொன்னதில்லை. ஆனால் தொண்டையில் முள் சிக்கியவள் மாதிரி இருந்தாள். "பக்கத்து வீட்டு மூச்சுச் சத்தம் கேக்காம எப்படிட்டி தூங்குதிய?" என்று ஒருமுறை கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி வந்த முதல் மாதத்தில் நானும் அப்படித்தான் தூங்காமல் கிடந்தேன். இன்றைக்கும் ஏங்குகிறேன். வீட்டில் எல்லோரும் இருக்கும்போதே, சுவருக்கு மேலிருந்த அந்த இடைவெளி வழியாக வந்த ஊரின் சத்தத்துக்காக ஏங்குகிறேன். இதை என் கணவரிடம் சொன்னால் டிவியைச் சத்தமாக வைத்துவிடுவார்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. பஞ்சாயத்தும் தோட்டத்துப் பெண்கள் சங்கமும் சேர்ந்து எங்கள் லயத்தைச் சீர்செய்யப் போகிறார்கள், தோட்டம் சம்மதித்துவிட்டது. ஒரு ஓரத்தில் சங்கத்துப் பெண்கள் நடத்தும் சாப்பாட்டுக்கடை, அதை ஒட்டிப் பிள்ளைகள் மாலையில் படிக்க ஓர் அறை. மீதி அறைகள், வேலையை முடித்துவிட்டு வீடில்லாமல் நிற்கும் பெண்களுக்கு. அம்மா பெயரை நான் கொடுத்தேன். அத்தை பெயரை அவள் மகன் கொடுத்திருந்தான். இருவருக்குமே கிடைத்தது. எந்த அறை என்பதெல்லாம் அம்மாவுக்கு முக்கியமில்லை. அத்தையின் பக்கத்து அறை வேண்டும், அவ்வளவுதான்.

வேலை பாதி நடந்தபோது எங்களைக் கூப்பிட்டார்கள். நானும் அம்மாவும் போனோம், அத்தையும் வந்திருந்தாள். கருங்கல்லைச் சுரண்டிக் கழுவி, பழைய உத்தரங்களில் நல்லவற்றைப் பொறுக்கித் திரும்ப ஏற்றியிருந்தார்கள். பொறுப்பில் இருந்தது ஓர் இளம் மலையாளி என்ஜினியர், பழைய கட்டடங்கள் என்றால் உயிரை விடும் பெண். அடுப்படிச் சுவரில் ஏறியிருந்த கரியைக்கூட அழிக்கக்கூடாது, அது சரித்திரம் என்று சொல்லியிருந்தாளாம். அவள் ஊருக்குப் போன ஞாயிற்றுக்கிழமை சங்கத்துப் பெண்கள் வந்து மொத்தத்தையும் தேய்த்துச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். குடிபோகிற வீட்டில் யாராவது கரியை வைத்துக்கொள்வார்களா?

அன்றைய பேச்சு நடுச்சுவரைப் பற்றியது. சுவரைக் கூரை வரை ஏற்றுவதா, பழையபடி விடுவதா என்று குடிவரப்போகிற பெண்களே சொல்லட்டும் என்றாள் என்ஜினியர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான்தான் முதலில் எழுந்தேன். இந்த இடைவெளிதான் லயம், இதை அடைத்தால் இது வெறும் லாட்ஜ், வயதான காலத்தில் ஒருத்தி விழுந்தால் இன்னொருத்திக்குக் கேட்க வேண்டாமா என்றெல்லாம் பேசினேன். என்ஜினியர் கண் மின்ன என்னைப் பார்த்தாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். விழுந்தால் கேட்பதற்கு மணி வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அதற்குமேல் ஒருவரும் என்னை மறுக்கவில்லை. என் பேச்சு எடுபட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பிறகு அத்தை பேசினாள். எழுந்திருக்கவில்லை. என்னையோ என்ஜினியரையோ பார்க்கவுமில்லை, அம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"மைனி, கோவிச்சுக்கிடாதிய. எனக்குச் சுவரு மேல வரைக்கும் வேணும். எம்பிள்ளய அடக்கம் பண்ணுன மறுநாளே எல்லாருக்கும் வேலை. நான் வாய் விட்டு அழுதா லயத்துக்கே கேக்கும்னு சேலைய வாயில திணிச்சிட்டுத்தான் அழுதேன். அதுக்கும் நீங்க மூடியத் தட்டுவிய. நான் நிறுத்திருவேன். ஒரு நாளும் நான் அழுது முடிச்சதில்ல மைனி."

அம்மா வாயைத் திறந்தாள். நான் நிறுத்தச் சொல்லித் தட்டவில்லையே என்றுதான் சொல்ல வந்திருப்பாள். சொல்லவில்லை. லயத்தில் மூடியைத் தட்டினால் என்ன அர்த்தம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். தான் தட்டினால் மட்டும் அது வேறு அர்த்தம் ஆகிவிடும் என்று இத்தனை காலம் நம்பியிருந்தாள்.

திரும்பும்போது வட்டவடையிலிருந்து கேரட் மூட்டை ஏற்றி வந்த ஜீப்பில் இடம் கிடைத்தது. மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கு அத்தைமேல் கோபம் கோபமாக வந்தது. இத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டுமா, இனி நீ அங்கே போகவே வேண்டாம், எங்களோடேயே இரு என்றேன். மலை இறங்கி முடிக்கும்போதுதான் அம்மா, "அந்த என்ஜினியர் பிள்ளைட்ட சுவர ஏத்தச் சொல்லு," என்றாள். "நான் போறேன். எனக்கு அவ பக்கத்துலதான் இருக்கணும்."

மழைக்காலம் கழிந்ததும் லயம் திறந்தது. இப்போது சாப்பாட்டுக்கடை முன்னால் ஜீப்புகள் வரிசையாக நிற்கின்றன. மூன்றரை மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் பையை வீசிவிட்டு முற்றத்தில் ஓடுகிறார்கள். வேலை தேடி திருப்பூர் போயிருந்த ஒருத்தி திரும்பி வந்து அங்கே தோசை சுடுகிறாள். செத்த இடம் பிழைத்துவிட்டது என்று ஊரே சொல்கிறது. அது உண்மை. அம்மாவைக் கொண்டுபோய் விட்ட அன்று நான் அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைச் சுவர், நேராகக் கூரை வரைக்கும். எவ்வளவு திறமைசாலி வந்தாலும் கல்லைத்தான் பழையபடி அடுக்க முடியும். நான் தேடியது திரும்பி வராது என்று அங்கேதான் எனக்கு உறைத்தது.

தினமும் மாலையில் அம்மா போன் செய்வாள். அத்தை வீட்டுக்குப் போக இப்போது தன் கதவைத் திறந்து, வாசல் வழியாகப் போய், அவள் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் அம்மா அந்தக் கதவைத் தட்டியதே கிடையாது. புதுப்பெண் மாதிரி கூச்சமாக இருக்கிறது என்றாள். பெரும்பாலும் அத்தை உடனே திறந்துவிடுவாளாம். இருவரும் சேர்ந்து கடைக்கு வெங்காயம் உரிப்பார்களாம்.

போன வாரம் ஒரு நாள் குரல் வேறு மாதிரி இருந்தது. என்ன என்று கேட்டேன்.

"காலையிலேருந்து அவ கதவு சாத்திக் கெடந்துச்சு. இன்னைக்கு அவ பிள்ள செத்த நாளுல்லா. தட்டல. வாசப்படியில உக்காந்து பாத்தேன். ஒரு சத்தமும் வெளிய வரல."

"பிறகு?"

"எனக்கும் அழுகை வந்துட்டு. உள்ள வந்து கதவச் சாத்திட்டு அழுதேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அவளுக்குக் கேட்டிருக்காது."