ஆகஸ்ட் மாதத்தில் ஒரு கம்பளி

முதலில் வெட்கக்கேடான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் நடுவில் சோவியத் நாட்டுக்கு மருத்துவம் படிக்கப் போன நான், இரண்டு வருஷம் கழித்து முதல் விடுமுறைக்கு மரக்காணம் வந்தபோது கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினேன். திண்டிவனத்தில் பஸ் மாறும்போது பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியது. உயிருள்ள மனிதர் ஒருவர் நெஞ்சிலும் அதுவரை நான் அதை வைத்ததில்லை.

அந்த இரண்டு வருஷத்தில் முதல் வருஷம் முழுவதும் ருஷ்ய மொழி படித்தேன். இரண்டாம் வருஷம் எலும்புகள். உடற்கூறு பரீட்சையில் தோற்றேன். மறுபடி எழுதி மறுபடியும் தோற்றேன். விடுமுறை முடிந்து போனதும் மூன்றாவது வாய்ப்பு. அதிலும் போனால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறியிருந்தேன். அப்பா அதைச் சபையில் வாசிக்கக் கொடுத்தார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அம்மா என்னை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய், ஸ்டெதஸ்கோப்போடு படம் எடுத்து, ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். ஆண்டவர் படத்தைவிட என் படம் கொஞ்சம் பெரிது.

அம்மாவுக்கு நான் கொண்டுவந்த பரிசு ஒரு கனத்த கம்பளிப் போர்வை. அதைப் பார்த்தபோதே என் அறிவின் அளவு ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாரும் கவனிக்கவில்லை.

ஜெபம் செய்வதை விட்டிருந்தேன். அந்த நாட்டில் என்னை யாரும் தடுக்கவில்லை. குளிரில் முழங்காலிடச் சோம்பலாக இருந்தது, அவ்வளவுதான்.

வந்த பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை. காற்றே இல்லாத பகல். எங்கள் வீட்டுக்குப் பின்னால் உப்பளம் தொடங்கும். அங்கே உப்பு சுமக்கும் ஞானம்மா அக்கா, கூடையோடு வரப்பில் விழுந்துவிட்டார்கள். எங்கள் சபைதான். முப்பது வயது இருக்கும். கணவர் அந்தோணி அண்ணனும் கூட வேலை செய்தவர்களும் அவர்களைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். திண்டிவனம் பஸ் வருகிற நேரம். அப்போது ஒருவர் சொல்லியிருக்கிறார்: "ஏம்பா, டாக்டரு வூட்டுலயே இருக்கும்போது எதுக்குப்பா பஸ்ஸு?"

பஸ் போய்விட்டது. அக்காவை எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த உப்புக் கொட்டகையில் கிடத்தினார்கள். நான் வந்தேன், கழுத்தில் அதோடு.

நெஞ்சில் வைத்துக் கேட்டேன். ஏதோ படபடவென்று அடித்தது. அது அவர்களுடையதா, என்னுடையதா என்று எனக்குத் தெரியவில்லை. தோல் காய்ந்து அனலாகக் கொதித்தது. கண் செருகியிருந்தது. சுற்றிலும் இருபது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உப்பளத்தில் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் ஒதுங்க வேண்டும்; ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது. அந்த மண்ணில் பிறந்த எனக்கு இது தெரியும். ஆனால் அன்று ஞாபகம் வந்தது வேறு. சோவியத் நாட்டில் குளிர்காலத்தில் முதலுதவி வகுப்பு ஒன்று நடத்தினார்கள். பனியில் விழுந்து கிடப்பவரைக் கண்டால் உடனே நன்றாகப் போர்த்த வேண்டும், உடம்புச் சூடு போகவிடக் கூடாது. நான் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரே பாடம் அது.

"அம்மா, அந்தக் கம்பளிய எடுத்துகினு வாங்க" என்றேன்.

ஆகஸ்ட் மாதம், தகரக் கூரைக்கு அடியில், வெயிலில் வெந்து விழுந்த ஒரு பெண்ணை ருஷ்யக் கம்பளியால் கழுத்துவரை இறுக்கிப் போர்த்தினேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. டாக்டர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தார்கள். ஒரு பாட்டியம்மாள் மட்டும் ஓலையால் விசிறினார்கள். அதையும் நிறுத்தச் சொன்னேன்.

சிறிது நேரத்தில் கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. வாயோரம் நுரை.

அந்தோணி அண்ணன் கேட்டார்: "தம்பி, இன்னாப்பா இது? சரியாயிடுமா?"

"ஊசி எடுத்தாறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என்னிடம் ஊசி கிடையாது. குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். ஓடிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அங்கேயே முழங்காலிட்டேன். உப்பில் முழங்காலிட்டால் எரியும். இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஜெபித்தேன். அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, நான் டாக்டர் இல்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. அக்காவைச் சாகவிடாதேயும். தெரிந்த ஒருவரை அனுப்பும்."

குரல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஆண்டவரிடம் சொன்னதை உள்ளே இருந்தவர்களிடமும் சொல்லாமல் அங்கிருந்து எழுந்திருக்க முடியாது என்று மட்டும் தெரிந்தது. உள்ளே போய்ச் சொன்னேன். "அண்ணே, நான் டாக்டர் இல்ல. பரீட்சைல ரெண்டு தபா பெயிலு. இன்னா வியாதின்னே எனக்குத் தெரியல. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க."

அந்தோணி அண்ணன் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப இத்தினி நேரம்?" என்றார். அவ்வளவுதான். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம். அந்த நிமிஷத்தில் கொட்டகை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கூனிமேட்டு மீன் வியாபாரி கபூர் பாய். பாண்டிச்சேரியில் ஐஸ் ஏற்றிக்கொண்டு மீன் எடுக்கப் போகிறவர், கருவாட்டுக்கு உப்பு வேண்டுமென்று வழியில் உள்ளே திரும்பியிருக்கிறார். வழக்கமாக வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்துதான் உப்புக்கு வருவார். அன்று செவ்வாய்.

எட்டிப் பார்த்தார். "யா அல்லா, யாருப்பா கம்பளி போத்துனது? பொம்பள வெந்துட்டு கெடக்குது. எடுத்துப் போடுங்கப்பா மொதல்ல."

போர்வையை அவரே உருவி எறிந்தார். வேனில் ஐஸ் கட்டிகள் மேல் சாக்கு விரித்து அக்காவைக் கிடத்தினார். ஐஸை உடைத்து அக்குளிலும் கழுத்திலும் வைக்கச் சொன்னார். வெயிலில் விழுந்த தன் ஆட்களுக்கு அப்படித்தான் செய்வாராம். வண்டியைப் பாண்டிச்சேரிக்கே திருப்பினார். நானும் அண்ணனும் பின்னால் உட்கார்ந்தோம். ஐஸ் உருகி, அதன்மேல் தூவியிருந்த உமியும் மீன் கவிச்சியுமாக எங்கள் மேல் ஓடியது. வழியில் அனுமந்தை கிராமத்தைத் தாண்டும்போது இழுப்பு நின்றது. செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மூச்சு இருந்தது.

விவரம் தெரிந்த ஒருவரை அனுப்பும்படி கேட்டேன், ஆண்டவர் அனுப்பினார். வந்தவர் தலையில் தொப்பி இருந்தது. அதைப் பற்றி ஆண்டவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், "ஐஸில் வைத்தவர்தான் உயிரைக் காப்பாற்றினார்" என்றார். தாமதமான நேரத்துக்கு விலை இருந்தது. ஞானம்மா அக்கா பிழைத்தார்கள். ஆனால் பேச்சு குழறியது, நடை தள்ளாடியது, இன்றுவரை கை நடுங்குகிறது. உப்புக் கூடையை அவர்கள் பிறகு தூக்கவில்லை. உயிரைக் கேட்டேன், கொடுத்தார். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் என் பங்கு என்னவென்று எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுவரிலிருந்த என் படத்தை அப்பா கழற்றினார். திரும்பிப் போய், தெரியாததைத் தெரியாது என்று ஆசிரியர்களிடம் சொல்லிச் சொல்லிப் படித்தேன். மூன்றாவது தடவை தேறினேன், கடைசி ஆளாக. அதையே வீட்டுக்கு எழுதினேன்.

இப்போது டாக்டராக இருக்கிறேன். யார் வந்தாலும், முதலில் உள்ளுக்குள் அந்த ஜெபத்தைச் சொல்லிக்கொள்கிறேன். பிரியமானவர்களே, உங்கள் அம்பாரத்துக்குப் பின்னால் நீங்களும் ஒருநாள் ஒளிய நேரிடும். அங்கே போனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உதவி எந்த வண்டியில் வரும் என்று பார்க்காமல் காத்திருங்கள். அவர் வருவார்.

போன மாதம் இதையெல்லாம் ஊர்ச் சபையில் மறுபடி சொன்னேன். பல பேர் அழுதார்கள். நானும்தான். ஆராதனை முடிந்ததும் ஞானம்மா அக்கா தள்ளாடி வந்து, நடுங்கும் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மன்னிப்பு வரப்போகிறது என்று தலையைக் குனிந்தேன்.

"தம்பி," என்றார்கள் குழறலாக, "அது நல்ல கம்பளிப்பா. சூடுன்னா அப்படி ஒரு சூடு. இன்னும் இருந்துதுன்னா குடேன், மார்கழிக்கு ஆவும்."