நான்கு நாடுகளும் ஒரு பாய் அளவு சாமையும்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில் நான் கள்ளக்குறிச்சியில் ஒரு நாளிதழின் நிருபர். மறியலுக்காக எந்தச் சாலையில் எந்த மரம் விழுந்தது என்று எழுதி எழுதி எனக்கே அலுத்திருந்த நேரத்தில், வேளாண் விரிவுரையாளர் ஒருவர் வேறு மாதிரிச் செய்தியோடு வந்தார். மண்ணைக் கெடுக்காத மலை விவசாயத்தை அண்டை நாடுகள் சேர்ந்து ஆராயப் போகின்றன. நேபாளம், இலங்கை, வங்கதேசம் மூன்றிலிருந்தும் நாட்டுக்கொருவர் வந்தாயிற்று. வெள்ளிமலையில் சாமையை நிற்கிற பயிராகப் பார்த்து அவர்களுக்குப் பிடித்துவிட்டால், கூட்டுப் பயிற்சிப் பள்ளி அங்கேயே வரும். இல்லாவிட்டால் வேறு நாட்டு மலைக்குப் போய்விடும்.

சிக்கல், சாமை முற்றிவிட்டது. விட்டால் உதிரும். அன்று ஒரு நாள் மட்டும் அறுக்காமல் வைக்கும்படி அந்தச் சாமைக் கொல்லைக்காரப் பெண்மணியிடம் விரிவுரையாளர் கெஞ்சிவிட்டு வந்திருந்தார்.

அவர்களோடு நானும் வேனில் கிளம்பினேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே புளியமரம் கிடந்தது. வேனை நிறுத்தினார்கள். நேபாளத்துக்காரர் இறங்கி, அடிமரத்தைத் தடவிப் பார்த்து, இவ்வளவு வயதான மரத்தை ஏன் வெட்டினார்கள் என்று கேட்டார். விரிவுரையாளர் அதைத் தமிழில் கேட்டார்.

மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த கரும்பு விவசாயி, "நிக்கற மரத்த எவன் பாக்கறான் சார்? படுத்தாத்தான் மெட்ராஸ்ல இருக்கறவன் எட்டிப் பாக்கறான்" என்றார்.

விரிவுரையாளர் இதை ஆங்கிலத்தில், கொள்கை தொடர்பான பிரச்சினை என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

கரும்பு விவசாயி விடவில்லை. "உங்க காலேஜ்ல எங்க புள்ளைங்க எத்தினி பேரு சார் படிக்குது?"

"கம்மிதாங்க."

"ஒத்துக்கினீங்க இல்ல? அப்ப குந்துங்க."

விருந்தாளிகளின் நிகழ்ச்சி நிரலில் முதல் வரி, உள்ளூர் விவசாயிகளுடன் கலந்துரையாடல். அது இதுதான் என்று மூவரும் நம்பி, மரத்தில் வரிசையாக உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்கள். கரும்புக்கு எத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர், வெட்டிய பிறகு காய்ந்த சோகைத் தழையை எரிப்பீர்களா என்று கேள்விகள் வந்தன. மறியல்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்னதில் கோஷம் போட ஆள் குறைந்துபோனது. விரிவுரையாளர் மட்டும் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் மறியலுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வண்டிக்குத்தான் தடை, மனிதருக்கு இல்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளிமலை ஜீப் ஒன்று ஆட்களோடு நின்றிருந்தது. அதில் வந்தவர்கள் மரத்தைத் தாண்டி எங்கள் வேனில் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போக, நாங்கள் தாண்டிப்போய் ஜீப்பில் ஏறினோம். கொஞ்சம் பருமனான வங்கதேசத்துக்காரருக்குத் தோள் கொடுத்து ஏற்றி இறக்கியவர் கரும்பு விவசாயிதான்.

மலையேறிப் போனபோது கொல்லை மொட்டையாகத் தெரிந்தது. அறுத்த தாள் கட்டுக்கட்டாகக் கிடந்தது. கொல்லைக்காரப் பெண்மணி அரிவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"வருவீங்க வருவீங்கன்னு பாத்துக்கினே இருந்தோம்ங்க. சும்மா எதுக்குக் குந்திக்கினு இருக்கணும்னு ஒரு ஓரத்துல கைய வச்சோம். அந்த ஓரம் அப்படியே நடுவுக்கு வந்துட்சி."

நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குச் சாமை நின்றது. அந்தப் பாயைச் சுற்றி மூவரும் மண்டியிட்டார்கள். கதிரைக் கசக்கினார்கள், வேரைக் கிளறினார்கள், ஒருவர் காட்டியதை மற்றவர் வாங்கிப் பார்த்தார்கள். கடைசியில் நேபாளத்துக்காரர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, எங்கள் மலையில் படிப்படியாக வெட்டிய வயலே இவ்வளவுதான் இருக்கும், எங்களுக்கு ஏற்ற அளவிலேயே விட்டுவைத்திருக்கிறீர்கள் என்றார்.

விரிவுரையாளருக்கு மூச்சு வந்தது. உடனே தமிழில் சொன்னார். அந்தப் பெண்மணி நேபாளத்துக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"பாவம்ங்க. ஸ்கூலு அப்பறம் கட்டிக்கலாம். மொதல்ல இவருக்குக் கொஞ்சம் நெலம் குடுத்து அனுப்புங்க."

பள்ளிக்குச் சம்மதம் என்று மூவரும் வாயால் சொன்ன பிறகுதான் விரிவுரையாளர் அதை மொழிபெயர்த்தார்.