பகலெல்லாம் நிற்கிற வண்டி

அத்தான் செத்துப்போய், காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அவருடைய வேன் என் தலையில் விழுந்திருப்பது தெரிந்தது. அத்தான் என்றால் என் அக்காள் வீட்டுக்காரர். அக்காள் முன்னமே போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் நாமினி என்று என் பெயரைப் போட்டு வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெரிய கும்பிடாகப் போட்டிருப்பேன்.

நான் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். விருதுநகரிலிருந்து ஊர் ஊராக ஓட்டியதில் இடுப்பு எலும்பு தேய்ந்ததுதான் மிச்சம். கடைசி நாள் டிப்போவில் மாலை போட்டு அனுப்பியபோதே, இனி ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். விடிந்த பிறகு எழுந்திருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது. அந்தச் சுகத்துக்குத்தான் இந்த வேன் உலை வைத்தது.

அத்தானின் ஊர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம். ஊர்ப் பெண்களை விடியலில் ஏற்றிக்கொண்டு போய், தாயில்பட்டிக்கு அப்பால் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார். அதுதான் அவர் பிழைப்பு.

"வித்துத் தொலைச்சிட்டு நிம்மதியா இருங்க. உங்க இடுப்பு இருக்கிற லட்சணத்துக்கு வண்டி ஒண்ணுதான் கேடு" என்றாள் என் மனைவி.

வேன் நின்ற அத்தான் ஊருக்கே சாத்தூர் புரோக்கரை வரச் சொன்னேன். வண்டியைச் சுற்றி வந்தார், டயரை உதைத்துப் பார்த்தார்.

"அவசரப்படாதீக அண்ணாச்சி. விக்கிறதுன்னா நாளைக்கே ஆளு இருக்கு. ஆனா பகல் பூரா இந்த வண்டி அங்கன சும்மால்ல நிக்குது? ஆளுகள இறக்கி விட்டுட்டு இருக்கன்குடி கோயிலுக்கு ஒரு சவாரி அடிக்கலாம்ல. மொட்டை போட, காது குத்தன்னு எம்புட்டு சனம் போகுது! ஒரு டிரைவரப் போட்டு ஓட்டுங்க. நீங்க வீட்டுல கால நீட்டிட்டு இருக்கலாம்."

"அத்தான் ஏன் அதச் செய்யல?"

"அவுகளுக்கு யாவாரம் தெரியாது" என்றார் புரோக்கர்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. விற்பதா, ஆள் போட்டு ஓட்டுவதா என்று தீர்மானம் செய்வதற்குள் அந்த ஊரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "அண்ணாச்சி, வண்டி இல்லாம எங்களுக்கு வேலை போகுது. யாராச்சும் ஓட்டுற வரைக்கும் நீங்க வருவீகளா?" வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று வந்துவிட்டது. என் வாய் எப்போதும் இப்படித்தான் என்னை மாட்டிவிடும்.

மறுநாள் இருட்டோடு எழுந்து முதல் பஸ் பிடித்துப் போய் வேனை எடுத்தேன். கம்பெனி வாசலில் நிறுத்தியதும் ஒவ்வொருத்தியும் இறங்குவதற்கு முன்னால் தன் செல்போனை என் சீட்டுக்குப் பின்னால் தொங்கிய கட்டைப்பையில் போட்டாள். வெடிமருந்து இருக்கிற இடம் என்பதால் உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அடையாளத்துக்கு ஒன்றில் ரப்பர் பேண்ட், ஒன்றில் நகப்பூச்சுப் புள்ளி, ஒன்றில் சாமி படம் ஒட்டியிருந்தது.

"அடிச்சா எடுத்துப் பேசுங்க அண்ணாச்சி. உங்க அத்தான் அப்படித்தான் எடுப்பாக" என்றாள் எனக்குப் போன் செய்த அதே பெண். அவள்தான் முன் சீட்டில் உட்காருகிறவள்.

கருவேல மரத்தடியில் வண்டியைப் போட்டுவிட்டு முதுகை நீட்டினேன். கண் அசந்தால் போதும், பை அடிக்கும். ஒரு மாமியார் பீரோவின் சாவி எங்கே என்று கேட்பாள். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பையன் வாந்தி எடுக்கிறான் என்பார்கள். நான் கேட்டுக்குப் போய் வாட்ச்மேனிடம் சொல்ல வேண்டும், அவர் உள்ளே போய்ச் சொல்லிப் பதில் கொண்டுவருவார். பஸ்ஸில் நாள் முழுக்கப் பயணிகளோடு மல்லுக்கட்டியவனுக்கு இதுவும் வேண்டுமா என்று எரிச்சலாக வந்தது. இதற்காகவா ஒரு மனிதர் பகல் சவாரியை விட்டுவிட்டு வெயிலில் கிடந்தார்?

அந்த வாரமே புரோக்கரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். அவரே ஒரு டிரைவரைப் பிடித்துத் தருவதாகவும், முதல் கோயில் சவாரியை மட்டும் நான் ஓட்டிக் காட்டுவதாகவும் பேச்சு. போன் பையை வாட்ச்மேன் வைத்துக்கொள்ளட்டுமே என்று கேட்டுப் பார்த்தேன். "கேட்டுக்குள்ள ஒரு போன் வரக்கூடாது அண்ணாச்சி, என் சோத்துல மண்ணப் போட்ராதீக" என்றார். அப்படியானால் பை வண்டியோடு வரட்டும், ஒரு பொழுது யாரும் பேசாமல் இருந்தால் குடி முழுகிவிடாது என்று நினைத்துக்கொண்டேன்.

சவாரி நாளன்று பெண்களை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் இடுப்பைச் சாய்த்துவிட்டு, கோயில் சவாரிக்குக் கிளம்பினேன். சாவியைத் திருகிய நேரத்தில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய கதவை யாரோ ஓங்கிச் சாத்தியது போல இருந்தது. கிழக்கே புகை எழும்பியது. வாட்ச்மேன் வெளியே வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"நம்மது இல்ல. ரோட்டுக்கு அங்கிட்டு" என்றார்.

எங்கள் கம்பெனி என் கண் முன்னால் அப்படியே இருந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பையில் ஒரு போன் அடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாமே. பை ஆணியில் தொங்கியபடி அதிர்ந்தது. ஊருக்கெல்லாம் புகை தெரிந்திருக்கும், எந்தக் கம்பெனி என்று தெரிந்திருக்காது.

இன்ஜினை அணைத்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றொன்றாக எடுத்தேன். திருப்பூரிலிருந்து ஒரு புருஷன், பேச்சே வராமல் பெண்டாட்டி பெயரை மட்டும் சொன்னான். ஒரு கிழவி, "ஐயா, எம்புள்ள, எம்புள்ள" என்றாள். கல்லூரியில் படிக்கிற ஒரு பெண், அம்மா என்று கூப்பிட்டாள், என் குரலைக் கேட்டதும் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "நம்ம கம்பெனி இல்ல. நல்லா இருக்காக. பயப்படாதீக." ஒன்றை எடுப்பதற்குள் இன்னொன்று அடித்து ஓய்ந்துவிடும். திரும்ப அடிக்க எனக்குப் போன் பூட்டைத் திறக்கத் தெரியாது. மறுபடி அடிக்கட்டும் என்று அதைத் தனியாக எடுத்து வைத்தேன்.

நடுவில் என் போனும் அடித்தது. "நல்லா இருக்காக, பயப்படாதீக" என்றேன்.

"யாரு அண்ணாச்சி? கோயிலுக்குப் போறவுக ரோட்டுல நிக்காக. வண்டி எங்க?" என்றார் புரோக்கர்.

"வண்டி வராது" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். அவரவர் போனை எடுத்துப் பார்த்தார்கள். முன் சீட்டுப் பெண் மட்டும், "எல்லாத்தையும் எடுத்தீகளா?" என்று கேட்டாள். எடுத்தேன் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

திரும்பும் வழியில் வெடித்த அந்தக் கம்பெனிக்குப் பிரிகிற விலக்கு ரோட்டில் கூட்டம் நின்றது. கொஞ்சம் தள்ளி, மரத்தடியில் எங்கள் வேன் மாதிரியே ஒரு வேன். அதன் படியில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை இருந்தது. அது அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

வண்டியை ஓரங்கட்டினேன். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். எடுத்தால் என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. பயமாக இருந்தது.

வேனை நான் விற்கவில்லை. டிரைவரும் போடவில்லை. மனைவி திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டாள். புரோக்கர் எப்போதாவது கூப்பிட்டு, அத்தானைப் போலவே எனக்கும் யாவாரம் தெரியவில்லை என்கிறார். இடுப்பு வலி குறையவில்லை, விடிந்து எழுந்திருக்கும் சுகமும் போய்விட்டது. காலையில் பையை ஆணியில் மாட்டுகிறேன். பகலெல்லாம் வண்டி சும்மா நிற்கிறது. சாவி எங்கே என்று அந்த மாமியார் கேட்கும்போது மட்டும், இன்றைக்கும் இதைத்தான் கேட்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது.