சீர் டிரம்மில் ஓர் ஓட்டை

என் பிழைப்பே பொய்ச் சிக்னல் செய்வதுதான். உண்மையான டவர் அனுப்புவது போலவே ஒரு சிக்னலைக் கம்ப்யூட்டரில் உருவாக்குவேன். டவர் தூரத்தில் இருக்கிற மாதிரி, நடுவில் சுவர் இருக்கிற மாதிரி, ஆள் பஸ்ஸில் போகிற மாதிரி அதைக் கெடுத்துக் கெடுத்து அனுப்புவேன். மேசைமேல் இருக்கும் சின்னப் பெட்டி அதை அலையாக வெளியே விடும். கம்பெனி புதிதாகச் செய்த ரிசீவர் அதற்கெல்லாம் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். காரைக்குடியில் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து இதைச் செய்கிறேன் என்றால் யார் நம்புகிறார்கள்? தெருவில் கேட்டால், "கம்ப்யூட்டர்ல என்னமோ டைப் அடிக்கும்" என்பார்கள்.

ஒரே சிக்னலை எத்தனை முறை கொடுத்தாலும் ஒரே விடை வர வேண்டும். எனக்கு வரவில்லை. பின்தெருவில் டவர், இரண்டு பக்கத்து வீடுகளிலும் வைஃபை. எல்லாம் உள்ளே புகுந்து, காலையில் பாஸ் ஆன ரிசீவர் கொஞ்ச நேரத்தில் ஃபெயில் ஆனது. பெங்களூர் மேனேஜர் போனில் முடிவாகச் சொல்லிவிட்டார்: "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ரிசல்ட் நிலையா வரணும். இல்லேன்னா திங்கக்கிழமை லேபுக்கு வந்துடுங்க." அங்கே வெளி அலை நுழையாத அறை இருக்கிறது.

இங்கே என் மாமியார் இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். கணவர் சிங்கப்பூரில். நாத்தனார் காளையார்கோவிலிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் கிளம்பினால் அத்தையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. இதை மேனேஜரிடம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

வெளி அலையைத் தடுக்க நல்ல மூடி போட்ட உலோகப் பாத்திரம் ஒன்று போதும், ரிசீவரை உள்ளே வைத்து மூடிவிடலாம். பிஸ்கட் டின்னில் அடங்கவில்லை. சமையலறை அரிசி டிரம்மின் மூடி நசுங்கிக் கிடந்தது. மீதி இருந்தது பரண்மேல் அத்தையின் சீர் டிரம். அவர் பேர் வெட்டிய எவர்சில்வர். அவர் கல்யாணத்துக்குச் சீராக வந்த நாளிலிருந்து அதில் ஒரு படி அரிசி கொட்டியதில்லை. நான் கொண்டுவந்த சீர் ஒரே அலமாரியில் அடங்கிவிட்டது என்பதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறவர் அவர். அதிலே சிக்னல் பெட்டியின் ஒயரை நுழைக்க ஓட்டை போட வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது?

கேட்டேன்.

"ஏத்தா, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? அது எம் மக வயித்துப் பேத்தி சீருக்குன்னு வச்சது!"

மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். அத்தை கட்டிலருகில் நின்றுதான் பேசினேன். திங்கட்கிழமை டிக்கெட் போடட்டுமா என்று கேட்டார். சாயங்காலம் வரை பொறுக்கச் சொல்லிவிட்டு வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு, "எறக்கிக்க" என்றார்.

கிரில் பட்டறைக்காரர் டிரில்லோடு வந்தார். டிரம்மைத் திருப்பி, வெட்டியிருந்த பேரைப் பார்த்தவர் கையை எடுத்துவிட்டார்.

"சீர் சாமான்ல ஓட்டை போடச் சொல்றீகளே, பெரியம்மாவுக்குத் தெரியுமா? அவுக வாயால சொல்லாம நான் கை வைக்க மாட்டேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. மேனேஜரையும் அத்தையையும் கெஞ்சியாயிற்று, இனி பட்டறைக்காரரையும் கெஞ்ச வேண்டுமா? அதற்குள் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"போடுய்யா! எம் பேரு மேல படாமப் போடு."

அந்த டிரில் சத்தம் அடங்கும்வரை அத்தை கண்ணை மூடியிருந்தார்.

ஓட்டை வழியே ஒயரை விட்டு, ரிசீவரை உள்ளே வைத்து, மூடி விளிம்பில் அலுமினியத் தாள் சுற்றி, சிக்னலை விட்டேன். திரும்பத் திரும்ப விட்டேன். ஒரே விடை. ரிசல்ட்டை மேனேஜருக்கு அனுப்பினேன். "சரி, அங்கேயே தொடருங்க" என்று பதில் வந்தது. நேரே அத்தையிடம் போனேன்.

"போகலத்தே, இங்கதான் இருக்கேன்" என்றேன்.

அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓட்டை விழுந்ததப் பேத்திக்குக் குடுத்தா ஊரே சிரிக்கும். இனி அது ஒன்னுதுதான். ஒஞ் சீரோட சேத்து வச்சுக்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இப்ப என்னத்துக்கு அழுகை? பாத்ரூம் போகணும்னு எம்புட்டு நேரமா அடக்கிக்கிட்டுக் கெடக்கேன். வா, கையப் புடி."