தம்பியின் நூற்றிருபத்தெட்டு

அக்காவுக்குச் சிறுநீரகம் தர முன்வந்த எங்கள் இருவரின் பரிசோதனை முடிவுகளையும் மருத்துவர் மேசைமேல் அருகருகே வைத்தார். நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்ற இடத்தில் எனக்குத் தொண்ணூற்றொன்று, தம்பிக்கு நூற்றிருபத்தெட்டு. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “சின்னவனோடது ஒண்ணே ரெண்டுக்குச் சமமாட்ட இருக்குதுங்க” என்றார். அன்றைய நாட்குறிப்பில் இரண்டு எண்களையும் எழுதினேன். வேறொன்றும் எழுத முடியவில்லை.

இரண்டு ஆண்டுகள், செவ்வாயும் வெள்ளியும், நாமகிரிப்பேட்டையிலிருந்து இராசிபுரம் வழியாகச் சேலத்துக்கு அக்காவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனவன் நான். எடை, ரத்த அழுத்தம், குடித்த தண்ணீர், எல்லாம் என் கையெழுத்தில் இருக்கின்றன. சூரமங்கலத்தில் ஜிம் நடத்தும் தம்பி வந்துபோனது மூன்று முறை. எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் மூத்தவன்தான் முதல் தட்டைத் தூக்குவான். அக்கா பிள்ளைகளின் விசேஷங்களில் அப்படித்தான் தூக்கினேன். சிறுநீரகம் தருவதையும் பிறந்த வீட்டுச் சீராகவே நினைத்திருந்தேன். முறை என்னுடையது.

தம்பி வீட்டுக் குளிர்பெட்டியில், தயிருக்குப் பின்னால் சிறு மருந்துக் குப்பிகளை முன்பே பார்த்திருந்தேன். “வளர்ச்சி ஹார்மோன் ஊசிங்கண்ணா, உடம்பு ஏத்தறதுக்கு. அக்காகிட்டச் சொல்லிப்போடாதீங்க” என்றிருந்தான். அக்காவிடம் சொல்லவில்லை. முடிவுகள் வந்த மறுநாள் தனியாகப் போய் மருத்துவரிடம் சொன்னேன்.

“ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கும் இந்த ஊசி போட்டா கிட்னிக்கு ரத்த ஓட்டம் கூடும், வடிகட்டறதும் கூடும். அது அவரோட இயல்பான அளவு இல்ல. ஊசியை நிறுத்தி ரெண்டு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்” என்றார் அவர். பிறகு, “தம்பி மேல எவ்வளவு அக்கறை உங்களுக்கு!” என்றார். நான் மறுக்கவில்லை. வெளியே வந்தபோது எனக்குள் இருந்தது ஒரே ஆசை: அவனுடைய எண் என்னுடையதற்குக் கீழே இறங்க வேண்டும். அந்த இரண்டு மாதமும் அக்கா டயாலிசிஸுக்காகக் கூடுதலாக ஊசிக் குத்து வாங்கினார். பதினேழு முறை. அதையும் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

மறுபரிசோதனையில் தம்பிக்கு நூற்றிரண்டு. இறங்கியது, என் அளவுக்கு இறங்கவில்லை. வயதும் குறைவு என்று அவனையே தேர்ந்தெடுத்தார்கள். ஊசி விஷயம் தெரிந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ சொன்னதுதான் நல்லதாப் போச்சு சாமி. அவனுக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் என்ன பண்ணுவேன்?” என்று அழுதார். அப்போதும் அவருடைய கவலை அவனைப் பற்றியே.

இப்போது அக்கா நன்றாக இருக்கிறார். விருந்துக்குக் கூடும்போது தம்பி சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டி, “எங்கண்ணன் கஞ்சனுங்க, ரெண்டையும் பத்திரமா வெச்சுக்கிட்டாரு” என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆண்டுக்கொருமுறை, ஒருவரிடமும் சொல்லாமல், சேலம் போய் அதே பரிசோதனையைச் செய்துகொள்கிறேன். இந்த முறையும் நன்றாகவே இருக்கிறது. வேண்டும் என்று கேட்கத்தான் ஆளில்லை.